லயத்துக்குப் பின்னால் ஒரு குழி

வாழைக்கன்று நடுவதற்காகக் குழி தோண்டினோம். பெஸ்தாரி ஜெயாவுக்கு அப்பால், விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே மிஞ்சியிருக்கும் பழைய தோட்டம் ஒன்றில், அத்தை வீட்டு லயத்தின் பின்புறம். மண்வெட்டியின் முதல் கொத்திலேயே பிளாஸ்டிக் பை மாட்டியது. பிறகு ஒரு மேகி உறை. எழுத்தும் நிறமும் அப்படியே இருந்தன. பிறகு ஒரு பேம்பர்ஸ். எத்தனை மழைக்காலம் மண்ணுக்குள் கிடந்ததோ, நீர் கோத்துச் செங்கல் கனம் கனத்தது. இரண்டடிக்குக் கீழே போனதும் மண்ணின் குணமே மாறிவிட்டது. துருவேறித் தகடு தகடாக உதிர்ந்த மைலோ டின், கண்ணாடிப் போத்தல், அடுப்புச் சாம்பல், ஒரு துண்டு கொட்டாங்கச்சி. அதற்கும் கீழே கறுத்து, பொலபொலவென்று உதிரும் மண். அள்ளி முகர்ந்தால் மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தின் வாசம்.

“அந்தக் கறுப்பு மண்ணெல்லாம் உங்க தாத்தா காலத்துக் குப்பைய்யா,” என்றார் அத்தை. “மேல கெடக்கிறது எங்க காலத்துது.”

கீழடியில் மண்ணடுக்கைப் பார்த்துக் காலம் சொல்கிறார்களே, அதுபோல இந்தக் குழியையும் படிக்கலாம். அடியில் கிடந்த குப்பை குப்பையாகவே இல்லை, மண்ணாகிவிட்டது. மேலே கிடந்தது போட்டபடியே கிடக்கிறது. குழி ஒன்றுதான், போட்ட கையும் ஒரே குடும்பத்துக் கைதான். மாறியது குப்பை.

குழியை ஒரு வயிறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். சோறு, காய்த்தோல், மீன்முள், வாழையிலை, சருகு எல்லாம் உயிருள்ளவற்றிலிருந்து வந்தவை. மாவுச்சத்தையும் புரதத்தையும் செல்லுலோஸையும் வெட்டிப் பிரிக்கும் நொதிகள் மண்ணிலிருக்கும் பாக்டீரியாக்களிடமும் பூஞ்சைகளிடமும் இருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அவை செய்துவரும் வேலை அது. வெயிலும் ஈரமும் ஆண்டு முழுவதும் குறையாத இந்தப் பூமியில் அந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். பாலிஎத்திலீன் பையோ, அதே கார்பனாலும் ஹைட்ரஜனாலும் ஆன நீண்ட சங்கிலி. அதை வெட்டத் தெரிந்த நொதி மண்ணில் அநேகமாக இல்லை. பேம்பர்ஸில் முக்கியமாக மூன்று பிளாஸ்டிக்குகள் இருக்கின்றன: உள்ளே தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட், தோலோடு ஒட்டும் பக்கம் பாலிப்ரோப்பிலீன், வெளியே பாலிஎத்திலீன். குழிக்கு இவற்றைச் செரிக்கத் தெரியாது. அத்தையின் தலைமுறை செய்த தவறு எதுவும் இதில் இல்லை. மாமியார் சொல்லிக்கொடுத்த முறையை அவர்கள் அப்படியே தொடர்ந்தார்கள். கடையில் விற்ற பொருள்தான் யாரிடமும் சொல்லாமல் மாறிப்போனது.

எவ்வளவு மாறியது என்பதற்குக் கணக்கு உண்டு. 2012-இல் மலேசிய அரசின் திடக்கழிவு நிர்வாகத் துறை நாடு முழுவதும் வீட்டுக் குப்பையைப் பிரித்து எடைபோட்டது. ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் முக்கால் கிலோ வந்தது. அதில் ஏறத்தாழ 45 விழுக்காடு உணவுக் கழிவு. 13 விழுக்காடு பிளாஸ்டிக். 12 விழுக்காடு பேம்பர்ஸ் வகை. ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வாரத்துக்கு 26 கிலோ. அதில் பன்னிரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சோறும் குழம்பும் காய்த்தோலும். மூன்றரை கிலோ பிளாஸ்டிக். மூன்று கிலோவுக்குச் சற்று மேல் பேம்பர்ஸ். குழந்தை இருக்கும் வீட்டில் கடைசி எண் இன்னும் ஏறும். இந்த 26 கிலோவை இந்த அத்தியாயம் முழுவதும் நினைவில் வைத்திருங்கள்.

தோட்டத்தில் குப்பை நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் நகராண்மைக் கழகத்து லாரி அதற்குள் வருவது வழக்கமில்லை. டிராக்டரில் அள்ளிக்கொண்டுபோய் மரங்களுக்கு நடுவே எங்காவது கொட்டி மூடுவார்கள். அதுவும் இல்லாத இடத்தில் லயத்துக்குப் பின்னால் குழி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. நம்மவர்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். அங்கே குப்பைக்கு ஒரு விலை உண்டு, ஆனால் அது கண்ணில் படாது. ஆண்டுக்கு இருமுறை கட்டும் மதிப்பீட்டு வரிக்குள் தெருவிளக்கோடும் கால்வாயோடும் அதுவும் கலந்திருக்கிறது. ஒரு பை வைத்தாலும் பத்துப் பை வைத்தாலும் கட்டுவது அதே தொகை. வரி கட்டாதவருக்கும், லாரி வராத ஒழுங்கையில் இருப்பவருக்கும், வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பழைய மெத்தையோடு நிற்பவருக்கும் அந்த ஏற்பாட்டில் இடமில்லை. அவர்கள் தோட்டச் சாலை முனைக்குப் போகிறார்கள்.

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே திரும்பும் செம்பனைச் சாலைகளில் அந்த முனைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் ஒரு சோபா வந்து உட்காரும். அடுத்த வாரம் பக்கத்தில் ஓட்டை விழுந்த நீர்த்தொட்டி. பிறகு கட்டிய பைகள், உடைத்த சுவரின் கல், டயர். ஒரு பொருள் கிடந்தால் அடுத்தவருக்குக் கூச்சம் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் நடத்திக் கூட்டிப் பெருக்கினாலும் சில வாரங்களில் அதே இடத்தில் அடுத்த சோபா வந்துவிடும்.

இருட்டில் கொட்டுபவர்களில் வீட்டுக்காரர்கள் சிறு பகுதிதான். சிறு லாரி வைத்து வீடு இடிப்பவர்கள், கடை மாற்றுபவர்களின் சாமான் ஏற்றுபவர்கள் என்று ஒரு வட்டம் இருக்கிறது. அந்தத் தொழிலில் இருந்த ஒருவர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்: “அண்ணே, கிடங்குக்குப் போனா எண்ணெய்க் காசு, எடைக் காசு, வரிசையில நிக்கிற நேரம். தோட்டத்துக்குள்ள விட்டா அஞ்சு நிமிசம். வீட்டுக்காரர்கிட்ட வாங்குற காசு ரெண்டுக்கும் ஒன்னுதான்.” இந்த மூன்று வாக்கியங்களில் உலகின் சட்டவிரோதக் குப்பை முழுவதும் அடங்கிவிடுகிறது. அகற்றுவதற்குக் காசு வாங்கியாயிற்று. அகற்றாமல் விட்டால் அந்தக் காசு முழுவதும் லாபம்.

அளவு பெருகினால் இதே கணக்கு ஊரையே படுக்கவைக்கும். 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். முறைப்படி அகற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவு கொட்டியவருக்கு மிச்சம். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடும் வாந்தியோடும் சிகிச்சைக்கு ஓடினார்கள், அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கொட்டிக் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டபின் கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து திரும்ப அள்ளிப் போனார்கள். மாநில எல்லையைத் தாண்டும் லாரிக்கும் நம் தோட்டச் சாலைக்குள் நுழையும் சிறு லாரிக்கும் தூரத்தில்தான் வேறுபாடு.

சரி, முறையாகப் போகும் குப்பை எங்கே போகிறது? அதுவும் நம் பக்கம்தான் வருகிறது. பூச்சோங்கில் இருந்த ஆயர் ஹீத்தாம் கிடங்கு 2006 முடிவில் மூடப்பட்டதும், 2007-இல் கோலசிலாங்கூர் மாவட்டத்து ஜெராமில் செம்பனைக் காட்டின் நடுவே புதிய கிடங்கு திறந்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு நகரங்களிலிருந்து நாள்தோறும் 2,000 டன்னுக்கு மேல் அங்கே வருகிறது. கோலாலம்பூரின் குப்பை தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்தில் அழுத்தப்பட்டு, பெரிய லாரிகளில் உலுசிலாங்கூரின் புக்கிட் தாகாருக்குப் போகிறது. அந்தக் கிடங்கு 2005-இல் தொடங்கியது. புக்கிட் தாகார் என்ற பெயரைத் தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்கள் வேறொரு செய்தியில் அறிவார்கள். நிகல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டு நெடுங்காலம் போராடியவர்கள். தலைநகரம் தன் குப்பைக்கு இடம் தேடியபோது இந்தப் பக்கம் கிடைத்தது. அந்த மண்ணில் உழைத்த மனிதர்களின் கூரைக்கு அவ்வளவு விரைவாக இடம் கிடைக்கவில்லை. குப்பையின் விலையைப் பேசும்போது இதையும் கணக்கில் எழுதவேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனாலும் முறையான கிடங்கு தேவை. தோட்ட முனையில் கிடக்கும் குவியலோடு ஒப்பிட்டால் ஏன் என்று புரியும். நம் பக்கம் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலக் குவியல் ஒன்றின் மேல் ஓராண்டில் விழுவது ஒரு லட்சம் லிட்டர். ஒரு பகுதி ஆவியாகும். மீதி குவியலுக்குள் இறங்கும். உள்ளே காற்றில்லாத இடத்தில் அழுகும் உணவு முதலில் புளித்து அமிலமாகிறது. அமில நீர் பேட்டரியிலிருந்து ஈயத்தையும், டின்னிலிருந்து இரும்பையும், பெயின்ட் டப்பாவிலிருந்து கரைவதையெல்லாம் கரைத்துக்கொண்டு, அம்மோனியாவும் சேர்ந்து, கருந்தேநீர் நிறத்தில் அடியில் வடிகிறது. இந்தக் கசிவுநீரைத் தடுக்கத்தான் முறையான கிடங்கின் அடியில் களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு, அதன்மேல் குழாய் பதித்து, நீரை இழுத்துச் சுத்திகரிக்கிறார்கள். அழுகும்போது பிறக்கும் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதையும் குழாய்வழி எடுக்கலாம். ஆயர் ஹீத்தாமில் 2004-இலேயே அந்த வாயுவில் மின்சாரம் எடுத்தார்கள். கிடங்கில் டன்னுக்கு வாங்கும் கட்டணம் இத்தனைக்கும் சேர்த்துத்தான். தோட்ட முனையில் விரிப்பும் இல்லை, குழாயும் இல்லை. வடிவது வடிந்துகொண்டே இருக்கும்.

வடிந்து எங்கே போகும்? சுங்கை சிலாங்கூர் ஆற்றுக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கைத் தரும் ஆறு அது. நீரெடுக்கும் நிலையங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கத்திலும் மேலே ரந்தாவ் பாஞ்சாங்கிலும் இருக்கின்றன. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி ரவாங்கில் சுங்கை கோங் ஆற்றில் ஒரு தொழிற்சாலையின் கழிவு கலந்தது. நான்கு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 12 லட்சம் இணைப்புகளில் நீர் நின்றது. கொரோனாவுக்குக் கையைக் கழுவு, கையைக் கழுவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டில், நாள்கணக்கில் குழாயில் நீரில்லை. வாளியோடு தண்ணீர் லாரியைத் துரத்தியவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கழிவை அகற்றும் செலவில் ஒரு பங்கைக் கட்டியவர்கள்தான்.

செகிஞ்சானில் இது வேறு உருவில் தெரியும். அங்கே வயலுக்கு வரும் நீர் வானம் பார்த்தது அல்ல. 1930-களில் தொடங்கிய தஞ்சோங் காராங் பாசனத் திட்டத்தின்படி பெர்ணம் ஆற்று நீரைச் சுங்கை தெங்கிக்குத் திருப்பி, அங்கிருந்து நீண்ட தாய்க்கால்வாயில் விட்டு, தாலி ஆயர் என்னும் வாய்க்கால்களாகப் பிரிக்கிறார்கள். சரிவே இல்லாத சமவெளியில் சில அங்குல உயர வேறுபாட்டை நம்பி ஓடும் நீர் அது. அதன் மதகில் ஒரு மெத்தை வந்து செருகினால் போதும், கடைசி வயலுக்கு நீர் ஏறாது. நாற்று நடும் பருவத்தில் மதகின் கம்பித் தடுப்பருகே நின்று பாருங்கள். வைக்கோலும் ஆகாயத்தாமரையும் முதலில் வந்து சேரும்; அவற்றின் மேல் மினரல் வாட்டர் போத்தல், பாலிஸ்டிரீன் சாப்பாட்டுப் பெட்டி, முடிச்சுப் போட்ட பை. நீண்ட கழியின் முனையில் கொக்கி கட்டி ஒருவர் இழுத்துக் கரையில் போடுகிறார். பையின் முடிச்சு அவிழவே இல்லை. அவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறார் அந்த வீட்டுக்காரர். தப்பிப் போவது கடலுக்குப் போகும். செகிஞ்சான் மீனவர் வலையில் மறுபடி ஏறும்.

கட்டிய பையை வீசாதவர்கள் கொளுத்துகிறார்கள். இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் அதிக அச்சம் தருவது. தாத்தா காலத்தில் சருகைக் கொளுத்தினால் புகை கண்ணைக் கரிக்கும், அவ்வளவுதான். இன்றைய குப்பையில் பிவிசி இருக்கிறது, அதில் குளோரின் இருக்கிறது. எரியுலையில் 850 டிகிரிக்கு மேல் வைத்து எரித்து, புகையையும் வடிகட்டுகிறார்கள். கொல்லைத் தீயோ புகைந்து புகைந்து எரிவது; டையாக்சின் உருவாக அந்த அரைகுறைச் சூடுதான் தோது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்து ஆய்வாளர்கள் பீப்பாயில் வீட்டுக் குப்பையை எரித்து அளந்து 2000-இல் வெளியிட்ட முடிவு இது: நாள்தோறும் குப்பை எரிக்கும் 2 முதல் 40 வீடுகள் வெளியிடும் டையாக்சினும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 டன் எரிக்கும் நவீன எரியுலை வெளியிடுவதும் சமம். ஒரு லயத்து வரிசையில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.

வட சிலாங்கூரில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. ராஜா மூசா காப்புக்காட்டையும் சேர்த்து இங்கே பரந்து கிடப்பது கரிச்சதுப்பு நிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அழுகாமல் தேங்கிய மரமும் இலையும்தான் அங்கே மண். கால்வாய் வெட்டி நீர் வடித்த இடத்தில் அது காய்ந்த விறகு. மேலே குப்பைக்கு வைத்த தீ கீழே இறங்கினால் சுடர் தெரியாது. மண்ணுக்கு அடியில் வாரக்கணக்கில் ஊர்ந்துபோய் வேறிடத்தில் தலைகாட்டும். தீயணைப்பு வீரர்கள் மேலே நீர் அடித்தால் மட்டும் போதாது; நிலத்தின் நீர்மட்டத்தையே உயர்த்த வேண்டும்.

அப்படியானால் குப்பைக்கு விலை வைத்துவிடலாமே, பைக்கு இவ்வளவு என்று? பொருளியலாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். 1992 ஜூலையில் அமெரிக்காவின் ஷார்லட்ஸ்வில் நகரம் ஒரு பைக்கு 80 சென்ட் விதித்தது. ஃபுல்லர்ட்டன், கின்னமன் என்ற இருவர் 75 வீடுகளின் குப்பையை அதற்கு முன்னும் பின்னும் எடைபோட்டார்கள். பைகளின் அளவு 37 விழுக்காடு குறைந்தது. எடை குறைந்ததோ 14 விழுக்காடுதான். மக்கள் பைக்குள் காலை வைத்து மிதித்து அமுக்கிக் கட்டினார்கள். குறைந்த அந்த எடையிலும் கால்பங்குக்கு மேல், 28 விழுக்காடு வரை, சட்டவிரோதமாக வேறெங்கோ கொட்டப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். தென்கொரியா 1995-இல் நாடு முழுவதும் பைக்கட்டணம் கொண்டுவந்து வெற்றி பெற்றது உண்மை. ஆனால் கொரியா விலையோடு நிற்கவில்லை: மறுசுழற்சிப் பொருளை இலவசமாக எடுத்தது, 2005 முதல் உணவுக் கழிவைக் கிடங்கில் கொட்டுவதையே தடுத்து அதற்குத் தனித் தொட்டி வைத்தது. வாசலுக்கு லாரியே வராத ஒழுங்கையில் பைக்கு விலை வைத்தால், அந்தப் பை நேரே தாலி ஆயருக்குத்தான் போகும். முதலில் தொட்டி, பிறகு லாரி, அதற்குப் பிறகு விலை. இந்த வரிசையை மாற்றினால் வேலை நடக்காது என்றே நான் நம்புகிறேன்.

அத்தை வீட்டுக்குத் திரும்பி வருவோம். வாரத்துக்கு 26 கிலோ என்றேனே, அதில் பன்னிரண்டு கிலோ இன்றும் தாத்தா காலத்துக் குப்பைதான். அது குழிக்குச் செரிக்கும். தனியாகப் போட்டால் நாறும், ஏனென்றால் உணவுக் கழிவில் நீரும் நைட்ரஜனும் அதிகம். பாக்டீரியா தின்றது போக மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாகக் கிளம்பும். கார்பன் சேர்க்கவேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் என்பது நுண்ணுயிர்களுக்கு ஏற்ற பதம். வைக்கோலில் நைட்ரஜனைப்போலப் பல பத்து மடங்கு கார்பன் இருக்கிறது. செகிஞ்சானிலும் தஞ்சோங் காராங்கிலும் அறுவடை முடிந்ததும் வயலிலேயே கொளுத்தி வானத்தைப் புகையாக்குகிறார்களே, அதே வைக்கோல்.

வாழைக்குழிக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வெட்டினோம். ஒரு சாண் வைக்கோல், அதன்மேல் சமையலறை வாளி, ஒரு கை பழைய கறுப்பு மண், மறுபடி வைக்கோல். இடையிடையே கம்பால் குத்திக் காற்றுக்கு வழி விட்டோம். எலி வராமலிருக்க மீன்கழிவை நடுவில் ஆழமாக வைத்தார் அத்தை. நான்காம் நாள் விடியற்காலை குவியலிலிருந்து ஆவி எழுந்தது. நுண்ணுயிர்கள் மூச்சுவிடும் சூடு அது. நன்றாக அமைந்த குவியல் 55 டிகிரியைத் தாண்டும், கிருமியும் ஈமுட்டையும் அதில் தங்காது. அத்தை உள்ளே கைவிட்டுப் பார்த்து, சுட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

மீதி 14 கிலோ, முடிச்சுப் போட்ட மூன்று பைகளில், வாசலில் இருக்கிறது. லாரி அந்தப் பக்கம் வருவதில்லை.